எந்தப் பந்தயத்தை விடுவது?

(இறுதியாண்டு, இயந்திரவியல் பிரிவு)

"வயசாயிட்டு, இனி எதுக்கு இந்த ஓட்டம்?" விளையாட்டு வீரர் ஒருவர் முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டால் நம்ம ஊர்ச் சாயாக்கடையில் முதலில் கிளம்புகிற கேள்வி இதுதான். அவர் பத்துப் போட்டியில் எட்டை விட்டுவிட்டு இரண்டில் மட்டும் இறங்கினால், "பயந்துட்டான் மக்கா" என்பார்கள். பத்திலும் இறங்கி எட்டில் தோற்றாலோ, "மரியாதையா ஒதுங்கத் தெரியல்லியே" என்பார்கள். ஆகமொத்தம் அந்த மனுஷன் என்ன செய்தாலும் குற்றம்! இந்த இரண்டு பேச்சுமே தப்பு என்பது என் தாழ்மையான கருத்து. அதை விளக்கத்தான் இந்த மலரில் சில பக்கங்களைக் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

முதலில் சைக்கிளில் தொடங்குவோம். சைக்கிள் என்றால் நாம் தினமும் படந்தாலுமூடு மேட்டில் மூச்சு வாங்க மிதிக்கிற சைக்கிள் அல்ல, சம்பளம் வாங்கிக்கொண்டு ஐரோப்பாவில் மிதிக்கிறார்களே, அந்தத் தொழில்முறை சைக்கிள் பந்தயம். ஜனவரியில் தொடங்கி அக்டோபர் வரை ஏதாவது ஒரு நாட்டில் பந்தயம் நடந்துகொண்டே இருக்கும். ஒரு வீரர் வருஷத்தில் அறுபது எழுபது நாள் பந்தயத்தில் மிதிப்பார். அத்தனையிலும் ஜெயிக்க மிதிப்பதில்லை. "இந்த வருஷம் எனக்கு இந்த இரண்டு பந்தயம்தான் குறி, மற்றதில் தோழனுக்காகக் காற்றைத் தடுத்துக்கொண்டு முன்னால் மிதிப்பேன்" என்று குளிர்காலத்திலேயே அணியோடு உட்கார்ந்து முடிவு செய்துவிடுகிறார்கள். உடம்பு உச்ச நிலையில் நிற்பது சில வாரங்கள்தான். அந்தச் சில வாரங்களை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதுதான் கணக்கு.

இளைஞனுக்கு இந்தக் கணக்கு தப்பினால் பரவாயில்லை, அடுத்த வருஷம் இருக்கிறது. முப்பத்தைந்தைத் தாண்டியவனுக்கு அப்படியில்லை. நம்ம மெட்டீரியல் டெஸ்டிங் லேபில் பார்த்திருப்பீர்களே, ஒரு கம்பியை ஒரே இழுப்பில் அறுக்க எவ்வளவு பாரம் வேண்டும்! அதே கம்பியை அதைவிடக் குறைந்த பாரத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒருநாள் சத்தமில்லாமல் முறிந்துவிடும். ஃபட்டீக் என்று அதற்குப் பெயர், நம்மில் பலருக்கு அரியர் விழுவதும் அந்தப் பாடத்தில்தான். மனுஷ உடம்பு இரும்பை விடக் கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் கொண்டது, ஓய்வு கொடுத்தால் தானாகவே சரிசெய்துகொள்ளும். ஆனால் வயது ஏற ஏற அந்த ரிப்பேருக்குப் பிடிக்கிற நாள் கூடிக்கொண்டே போகும். ஆகவே வயதான வீரர் போட்டிகளைக் குறைப்பது பயத்தால் அல்ல. அடுத்த போட்டிக்கு முன்னால் ரிப்பேர் முடிய வேண்டுமே என்பதால்தான்.

மார்க் கேவண்டிஷ் என்று ஒரு பிரிட்டிஷ்காரர். கடைசி முன்னூறு மீட்டரில் பறக்கிற ஸ்பிரின்டர். டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தில் 34 கட்டங்களில் ஜெயித்து, பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் வைத்திருந்த சாதனையைச் சமன் செய்திருந்தார். 2023-இல் இதுதான் கடைசி வருஷம் என்று அறிவித்தார். அந்த டூரின் 8-ஆவது கட்டத்தில் விழுந்து கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. வேறு யாராவது என்றால் அத்தோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள். இவர் இன்னும் ஒரு வருஷம் நீட்டினார். எதற்கு? ஒரே ஒரு கட்டத்துக்காக. மலைகளில் கடைசி ஆட்களோடு, நேர எல்லைக்குள் எப்படியாவது வந்து சேர்ந்தால் போதும் என்று ஊர்ந்தார். அதைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு. 2024 ஜூலை 3 அன்று, 39 வயதில், ஐந்தாவது கட்டத்தில் 35-ஆவது வெற்றி! மூன்று வாரப் பந்தயத்தில் அவருக்கு வேண்டியிருந்தது ஒருநாளின் கடைசிச் சில நொடிகள். மீதி நாளெல்லாம் தோற்பதற்குச் சம்மதித்துக்கொண்டு வந்தவர் அவர். அந்தச் சம்மதம் எல்லாருக்கும் வராது.

இன்னொரு ரகமும் உண்டு. பெல்ஜியத்தின் பிலிப் ஜில்பேர், மேடு பள்ளமான பந்தயங்களில் ராஜா. 2012-இல் உலக சாம்பியன். சைக்கிள் உலகில் மிகப் பெருமை வாய்ந்த ஐந்து ஒருநாள் பந்தயங்கள் உண்டு, அவற்றில் இரண்டில் அவர் முன்பே ஜெயித்தவர். முப்பதைத் தாண்டிய பிறகு, தெரிந்ததையே திரும்பச் செய்யாமல் மிச்சமுள்ளவற்றைக் குறி வைத்து அணியையே மாற்றினார். 2017-இல் ஃபிளாண்டர்ஸ், 2019-இல் 36 வயதில் பாரிஸ்–ரூபே. ரூபே என்பது ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் கருங்கல் பாவிய பாதையில் எலும்பு குலுங்க ஓட்டுகிற பந்தயம், அவருடைய உடல்வாகுக்கு ஏற்றதே அல்ல. ஐந்தாவதான மிலான்–சான் ரெமோ மட்டும் கடைசி வரை கிடைக்கவில்லை. 2022-இல் ஓய்வு பெற்றார். நாலோடு போனவரைத் தோற்றவர் என்று யார் சொல்வது?

"அதெல்லாம் வெள்ளைக்காரன் கதை, நம்ம ஆள் யாராவது உண்டா?" என்று கேட்பீர்கள். சைக்கிளில் இல்லை நண்பர்களே. ஏன் இல்லை என்பதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் ஜில்பேர் பிறந்த அதே 1982 ஜூலையில், சரியாக ஒரு வாரம் கழித்துச் சென்னையில் பிறந்த ஒருவர் உண்டு: டேபிள் டென்னிஸ் சரத் கமல்.

2006 மெல்போர்ன் காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம். பதினாறு வருஷம் கழித்து 2022 பர்மிங்காமில், 40 வயது நிரம்பிய சில வாரங்களிலேயே மறுபடியும் ஒற்றையர் தங்கம். அதோடு அணித் தங்கம், ஸ்ரீஜா அகுலாவுடன் கலப்பு இரட்டையர் தங்கம், சத்தியனுடன் இரட்டையர் வெள்ளி. சும்மா சொல்லக்கூடாது, அந்தச் சில நாட்களில் அவர் ஆடிய ஆட்டங்களை எண்ணினாலே நமக்குக் கை வலிக்கும். அப்போதே முடித்திருந்தால் "உச்சத்தில் விலகினார்" என்று பத்திரிகைகள் புகழ்ந்திருக்கும். அவர் விலகவில்லை. பாரிஸ் ஒலிம்பிக் என்று ஒரு குறி வைத்தார்.

இங்கேதான் அந்த விளையாட்டின் ரேங்க் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். உலகத் தரவரிசையில் ஒரு வீரர் 12 மாதத்தில் ஆடிய எல்லாப் போட்டியும் சேராது. அவற்றில் மிகச் சிறந்த எட்டு முடிவுகளின் புள்ளிகளை மட்டும் கூட்டுகிறார்கள். கிராண்ட் ஸ்மாஷ் என்கிற பெரிய போட்டியில் ஜெயித்தால் 2000 புள்ளி, கன்டெண்டர் என்கிற சிறிய போட்டியில் ஜெயித்தால் 400. அதாவது வாரா வாரம் விமானம் ஏறி முப்பது இடத்தில் ஆடுகிறவனுக்கும் எட்டு இடத்தில் நன்றாக ஆடுகிறவனுக்கும் கணக்கு ஒன்றுதான். வயதானவருக்கு இதைவிட நியாயமான விதி உண்டா? 2024 மார்ச்சில் சிங்கப்பூர் ஸ்மாஷில், தகுதிச் சுற்றிலிருந்து ஆடிவந்து, தன்னைவிட எவ்வளவோ மேலே இருந்தவர்களை வீழ்த்திக் காலிறுதி வரை போனார் சரத். ஒரே போட்டியில் தரவரிசையில் ஐம்பது இடத்துக்கு மேல் தாவினார். பாரிஸில் ஒற்றையர் இடம் கிடைத்தது. அது அவருக்கு ஐந்தாவது ஒலிம்பிக், சிந்துவோடு தேசியக் கொடி ஏந்தும் பெருமையும் சேர்ந்தது.

பாரிஸில் என்ன ஆச்சு? முதல் சுற்றிலேயே தோற்றார். சாயாக்கடை சிரித்தது. நான் சிரிக்கவில்லை. தரவரிசை கேட்ட புள்ளியை அவர் எடுத்தார், இடத்தை அவரே சம்பாதித்தார், ஒருநாள் சரியாக அமையவில்லை. 2025 மார்ச்சில் சென்னையில் நடந்த ஸ்டார் கன்டெண்டர் போட்டிதான் கடைசி என்று முன்பே அறிவித்து, சொந்த ஊர்க்காரர்கள் முன்னால், இளையவரான சினேஹித்திடம் தோற்று மட்டையை வைத்தார். எங்கே முடிப்பது என்பதையும் அவரேதான் தேர்ந்தெடுத்தார்.

கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனையும் ஒரு வரி சொல்லாமல் போனால் நம் டிப்பார்ட்மென்ட் பையன்கள் சண்டைக்கு வருவார்கள். 2005-இல் ஃபார்முலா ஒன்று ஓட்டிய முதல் இந்தியர். 2011, 2012-இல் கடைசி வரிசைக் காரில் மறுபடி அங்கே ஓட்டினார். பிறகு ஜப்பான் பந்தயங்களுக்கு மாறினார். பெயர் குறைந்த இடம்தான், ஆனால் நல்ல வண்டி கிடைக்கிற இடம். 2019 நவம்பரில் ஃபூஜி தடத்தில் 42 வயதில் ஒரு பந்தயம் ஜெயித்தார். பெரிய இடத்தில் கடைசியா, சின்ன இடத்தில் முதலா? எனக்குக் கேட்டால் வண்டி ஓடுகிற இடம்தான் என்பேன்.

நிற்க. இதுவரை வயதானவர் பக்கமே பேசிவிட்டேன். இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு, அதை மறைப்பதற்கில்லை.

டூரில் கேவண்டிஷுக்கு இடம் கொடுப்பது அவருடைய அணியின் சொந்த விஷயம். ஒலிம்பிக்கில், ஆசியப் போட்டியில் அப்படியல்ல. நாட்டுக்கு இத்தனை இடம் என்று அளந்து கொடுத்திருக்கிறார்கள். மூத்தவர் ஒருவர் "எனக்கு இது வேண்டும்" என்றால் இளையவர் ஒருவர் வீட்டில் உட்கார வேண்டும். 2019-இல் மேரி கோம் விஷயத்தில் இதுதான் நடந்தது. ஒலிம்பிக் தகுதிச் சுற்றுக்கு அவரை நேராக அனுப்பிவிடக் குத்துச்சண்டை சம்மேளனம் பார்த்தது. நிகத் ஜரீன் என்ற இளம்பெண், தேர்வுப் போட்டி நடத்துங்கள் என்று மத்திய விளையாட்டு அமைச்சருக்கே கடிதம் எழுதினார். "சின்னப் பொண்ணுக்கு இவ்வளவு திமிரா" என்று பேசினவர்களும் உண்டு. கடைசியில் டிசம்பர் 28 அன்று தேர்வு நடந்தது. மேரி கோம் 9–1 என்று ஜெயித்தார்.

அதே மேரி கோம் 2022-இல் செய்தது வேறு. அந்த வருஷம் உலகப் போட்டி, ஆசியப் போட்டி இரண்டிலும் நான் இல்லை, இளையவர்கள் போகட்டும், காமன்வெல்த் போட்டி மட்டும் என் குறி என்று அறிவித்தார். அந்த உலகப் போட்டியில் நிகத் தங்கம் வென்றார்! மேரி கோமுக்குக் காமன்வெல்த்தும் கிடைக்கவில்லை. ஜூனில் நடந்த தேர்வில் முதல் சுற்றிலேயே முழங்கால் திருகி வெளியே வந்துவிட்டார். எதிரே நின்ற நீத்து பர்மிங்காம் போய்த் தங்கத்தோடு திரும்பினார். ஆறு முறை உலக சாம்பியனான ஒருவரின் முடிவு இப்படியா என்று பலர் வருத்தப்பட்டார்கள். எனக்கும் வருத்தம்தான். ஆனாலும் 2019-ஐ விட 2022-இல்தான் அவர் பெரிய ஆளாகத் தெரிகிறார். தனக்கு வேண்டியதை ஒன்றாகச் சுருக்கி, அந்த ஒன்றையும் ரிங்கில் இறங்கித்தான் கேட்டார்.

ஆக, எதில் இறங்குவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வீரருக்கு. அதில் இடம் உண்டா என்று தீர்மானிக்க வேண்டியது புள்ளியும் தேர்வும். பழைய பதக்கத்தைக் காட்டி இடம் கேட்பதுதான் தவறே தவிர, வயது காரணமாகப் போட்டியைக் குறைப்பது தவறல்ல. சம்மேளனங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. பெரிய பெயருக்குத் தேர்வில் சலுகை கொடுக்கப் பார்ப்பார்கள், பெயரில்லாத மூத்தவரையோ எல்லா மீட்டுக்கும் வா, இல்லையென்றால் பெயர் வெட்டுவோம் என்று அலைக்கழிப்பார்கள்.

நம்ம பக்கத்து மாநிலத்து பி.டி. உஷா நினைவுக்கு வருகிறார். 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் நூறில் ஒரு நொடியில் பதக்கம் போன கதையை எல்லாரும் சொல்வார்கள். 1998 கதையை யாரும் சொல்வதில்லை. ஓய்வு பெற்று, கல்யாணமாகி, ஒரு பையனுக்குத் தாயாகித் திரும்பி வந்தவர், ஜப்பானில் ஃபுகுவோகா ஆசியத் தடகளத்தில் 34 வயதில் 200, 400 மீட்டரில் வெண்கலம் வாங்கினார். தனக்குப் பெயர் வாங்கித் தந்த தடை ஓட்டத்தை விட்டுவிட்டு, தடையில்லாத ஓட்டத்தில். எதை விட வேண்டுமென்று தெரிந்திருந்தது அவருக்கு.

இனி நம்ம ஊர். நாடு முழுக்கச் சுற்றிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை.

சைக்கிளில் நமக்கு மூத்த வீரர் ஏன் இல்லை என்று கேட்டேனல்லவா? அரசு நடத்துகிற அண்ணா மிதிவண்டிப் போட்டியைப் பாருங்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் நடக்கிறது, நல்ல விஷயம். கியர் இல்லாத சாதாரண இந்தியச் சைக்கிளில் கலந்துகொள்ளலாம். 13 வயதுக்குள், 15 வயதுக்குள், 17 வயதுக்குள் என்று மூன்று பிரிவு. அதற்கு மேல்? ஒன்றுமில்லை! நம்ம மாவட்டத்துச் சைக்கிள் வீரன் பதினேழு முடிந்ததும் ஓய்வு பெற்றுவிடுகிறான். பாலிடெக்னிக்கில் சேரும்போதே நாமெல்லாம் முன்னாள் வீரர்கள். தேர்ந்தெடுக்கப் பந்தயம் இருந்தால்தானே எதை விடுவது என்று யோசிக்க?

ஓட்டத்தில் நிலைமை கொஞ்சம் வேறு. ஓணத்தில் தொடங்கிப் புத்தாண்டு வரை நம் வட்டாரத்தில் மன்றத்துக்கு மன்றம் ஆண்டுவிழா, மன்றத்துக்கு மன்றம் ஓட்டப் போட்டி. (ஐந்து கிலோமீட்டர் ஓட விட்டாலும் நோட்டீஸில் மாரத்தான் என்றுதான் போடுவார்கள். 42 கிலோமீட்டரை ஓடி முடித்தவர்கள் மன்னிக்கவும்.) எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர், பால்வெட்டுத் தொழிலாளி, நாற்பதைத் தாண்டியவர், இதில் ஒன்றையும் விடமாட்டார். விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் வெட்டப் போகிறவர். அது முடிந்து பாலெடுத்து ஷீட் அடித்துவிட்டுத்தான் ஓட்டப் பயிற்சி. முப்பத்தைந்துக்கு மேற்பட்டோருக்கான மூத்தோர் தடகளத்திலும் ஓடுகிறார், அதற்கு ரயில் செலவு, சாப்பாடு எல்லாம் சொந்தப் பணம். போன சீசனில் முழங்கால் வீங்கிவிட்டது.

"எண்ணா, எதுக்கு எல்லாத்துக்கும் போறிய? நல்லதா ரெண்டு பாத்து ஓடுனா போராதா?" என்று மெத்தப் படித்தவன் மாதிரி கேட்டேன்.

"எது நல்லதுன்னு எனக்கு முந்தியே தெரியுமா மக்களே? நோட்டீஸு கையில வாறதே மூணு நாளு முந்தி. அதுல தேதி உண்டும், பரிசு எவ்வளவுன்னு உண்டுமா? நாப்பது வயசுக்காரனுக்குத் தனியா ஓட்டம் உண்டுமா, இல்ல இருவது வயசுப் பயக்க கூடத்தான் ஓடணுமான்னு உண்டுமா? எறங்கி ஓடிப் பாத்தாத்தான் தெரியும்" என்றார்.

எனக்குப் பதில் இல்லை. கேவண்டிஷுக்கு அடுத்த ஜூலையில் எந்த ஊரில் சமதளமான கட்டம் வரும் என்று முந்தின வருஷமே வரைபடம் கையில் கிடைக்கிறது. சரத்துக்கு எந்தப் போட்டிக்கு எத்தனை புள்ளி என்று அச்சில் இருக்கிறது. இந்த அண்ணனுக்கு ஒரு நோட்டீஸ் ஒழுங்காகக் கிடைப்பதில்லை. ஒரு மன்றத்தில் இரண்டாவதாக வந்ததற்குப் பரிசுப் பணம் "பிறகு தாறோம்" என்று சொன்னது இன்னும் பிறகாகவே இருக்கிறது. எல்லாப் போட்டியிலும் ஓடினால் ஏதாவது ஒன்றிலாவது கைக்கு வரும் என்பதுதான் அவருடைய கணக்கு. அந்தக் கணக்கைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முழங்கால் மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஆகவே நம் மாணவர் பேரவைக்கு ஒரு விண்ணப்பம். மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை வரை ரோட்டோரத்து மன்றங்களில் பாதியில் நிர்வாகிகள் நம்ம பாலிடெக்னிக் பையன்கள்தான், மறைப்பானேன். ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் அவரவர் மன்றத்துப் போட்டித் தேதி, தூரம், வயதுப் பிரிவு, பரிசுத் தொகை நான்கையும் பேரவை விளையாட்டுச் செயலாளரிடம் கொடுத்தால், ஒரே தாளில் அச்சடித்து எல்லா நூலகத்திலும் சாயாக்கடையிலும் ஒட்டிவிடலாம். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று மன்றம் மோதிக்கொள்வதும் நிற்கும். நம் ஆண்டு விளையாட்டு விழாவில் 35 வயதுக்கு மேற்பட்ட பொதுமக்களுக்கு ஒரு ரோடு ஓட்டமும் ஒரு சைக்கிள் பந்தயமும் சேர்த்தால் இன்னும் நல்லது. சைக்கிள் சாதாரணச் சைக்கிளாகவே இருக்கட்டும், கியர் வேண்டாம். பரிசை அன்றைக்கே மேடையில் வைத்துக் கொடுத்துவிட வேண்டும். தாள் அச்சடிக்கிற செலவை இறுதியாண்டு இயந்திரவியல் பிரிவு ஏற்கிறது என்று வகுப்பில் பேசி முடித்தாகிவிட்டது. தேதிகளை எழுதிக்கொடுக்க வேண்டியவர்கள் இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிற நீங்கள்தான்.